996 கரேரா வாங்கலாமா? ஐஎம்எஸ், சிலிண்டர் கீறல், நாளைய மதிப்பு: விவாத இழை

நெக்கர்_கரை

ஸ்டுட்கார்ட் பக்கம் இரண்டு போர்ஷே 996 (911 ஸ்போர்ட்ஸ் காரின் ஒரு தலைமுறை) பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று 1999 கரேரா 2, 3.4 லிட்டர், மேனுவல் கியர், 1,62,000 கி.மீ., மூன்று ஓனர், சர்வீஸ் பில் முழுக்க இருக்கிறது. இன்னொன்று 2003 கரேரா 2, 3.6 லிட்டர், டிப்ட்ரானிக் (போர்ஷேயின் ஆட்டோமேட்டிக் கியர்), 71,000 கி.மீ., ஒரே ஓனர். ஆனால் கடைசி ஐந்து வருடத்துக்கு பில் கிடையாது. இதற்கு ஆறாயிரம் யூரோ கூடுதலாகக் கேட்கிறார்கள்.

ஓட்டவும் வேண்டும், பத்து வருடம் கழித்து விற்றால் கையைக் கடிக்கவும் கூடாது. எதைப் பிடிக்கலாம்?

சாவி_இடப்பக்கம்

முதல் வண்டி. 71,000 கி.மீ. விளம்பரத்துக்கு அழகு, எஞ்சினுக்கு அதில் பெரிய லாபம் இல்லை. பில் இல்லாத ஐந்து வருடமும் ஒரே ஆயில் கிடந்து புளித்ததா, மாற்றினார்களா, யாருக்குத் தெரியும்? 1999 கரேரா 2-இல் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இருக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில் அதற்கு 2000 மாடலில்தான் வந்தது. கரேரா 4-க்கு மட்டும் 1999-லேயே. அந்தக் கேபிளுக்காகவே தேடி வாங்குகிற கூட்டம் ஒன்று உண்டு.

போல்ட்_நட்டு

1999 மாடலா, 1999-இல் பதிவான வண்டியா? இரண்டும் ஒன்றல்ல. சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். டபிள்யூ என்றால் 1998 மாடல், எக்ஸ் 1999, ஒய் 2000, அதன் பிறகு 1 என்றால் 2001. கோடை விடுமுறைக்குப் பின் கட்டிய வண்டி அடுத்த வருட மாடல் கணக்கில் போய்விடும். 1999 அக்டோபரில் பதிவான வண்டி ஒய்யாக இருக்கலாம். அப்படியானால் கேபிள் கதையும் போச்சு, ஐஎம்எஸ் (எஞ்சின் இடைத்தண்டு) பேரிங் கதையும் மாறலாம்.

கிராங்க்_ராஜா

ஐஎம்எஸ்ஸை ஒரே பதிவில் முடித்துவிடுகிறேன், பிறகு ஆளுக்கொன்று சொல்லிக் குழப்ப வேண்டாம்.

996 கரேராவின் எம்96 எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நேராக கேமை, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டைச் சுற்றுவதில்லை. நடுவில் ஒரு இடைத்தண்டு இருக்கிறது, ஐஎம்எஸ் என்பது அதுதான், அதிலிருந்து செயின்கள் கேம்களுக்குப் போகின்றன. அந்தத் தண்டின் ஃப்ளைவீல் பக்க முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். கிரீஸ் அடைத்து, சீல் போட்டு மூடிய வகை. அது உட்கார்ந்திருப்பதோ ஆயில் தேங்கும் இடத்தில். வருடங்கள் போகப் போக சீல் இறுகுகிறது, எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவுகிறது. உள்ளே போன ஆயில் வெளியே வருவதில்லை, புது ஆயிலும் போவதில்லை. பெட்ரோல் கலந்த பழைய ஆயிலிலேயே குண்டுகள் உருள்கின்றன. குழி விழுந்து, ஆட்டம் கண்டு, கடைசியில் செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். எஞ்சின் அத்தோடு முடிந்தது.

ஆரம்ப வண்டிகளில் இரண்டு வரிசைக் குண்டு உள்ள பேரிங், அது ஓரளவு தாங்கும். 2000-01 மாடல்களில் படிப்படியாக ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், பெயர் கெட்டது அதனால்தான். மாறிய தேதியை எஞ்சின் எண்ணை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கியர்பாக்ஸை இறக்கி மூடியைக் கண்ணால் பார்த்தால்தான் உறுதி. அடுத்த தலைமுறை 997 வந்தபின் 2006 வாக்கில் பெரிய பேரிங் போட்டார்கள். அது நல்லது, ஆனால் எஞ்சின் கேஸைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடல் 9ஏ1 எஞ்சினில் இடைத்தண்டே இல்லை.

மாற்றும் முறை: கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் இறக்க வேண்டும். முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவந்து கிராங்க் புல்லியில் பின் குத்தி, கேமையும் பூட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் செயின் டென்ஷனர்களைத் தளர்த்த வேண்டும். பூட்டாமல் தளர்த்தினால் டைமிங் நகரும், புதிதாக ஒரு தலைவலி. மூடியைக் கழற்றி, புல்லர் போட்டுப் பழையதை இழுக்க வேண்டும். சுத்தியலுக்கு அங்கே வேலை இல்லை. புதியதை ஃப்ரீசரில் குளிர வைத்து நேராக அழுத்த வேண்டும். மூடி போல்ட்டுகள் புதியவை, இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர்.

இதற்கெல்லாம் முன்னால் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். இரும்புத் துகள் இருந்தால் பேரிங்கை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. துகள் ஏற்கெனவே எஞ்சின் முழுக்கப் போயிருக்கும்.

கிளட்ச் மாற்றும்போதே இதையும் கிராங்கின் பின்பக்க சீலையும் சேர்த்து முடிப்பதுதான் கணக்கு. கூலி ஒரே கூலி.

ஈஸ்ட்ஹாம்_எட்டு

எல்லாரும் ஐஎம்எஸ், ஐஎம்எஸ் எண்டு கத்திக்கொண்டிருக்க, ஆளைக் கவிழ்க்கிறது வேறொண்டு. சிலிண்டர் கீறல். பேரிங்கை ரெண்டு நாளில மாத்திப்போடலாம். சிலிண்டர் கீறினால் எஞ்சினை முழுக்கப் பிரிக்கவேணும், லைனர் போடவேணும், பிஸ்டன் மாத்தவேணும். இங்க லண்டனில எண்டாலும் அங்க ஜெர்மனியில எண்டாலும் ஒழுங்காச் செய்ய 15,000 யூரோவுக்குக் குறையாது.

இந்தச் சிலிண்டர் சுவர் இரும்பு இல்லை. அலுமினியத்துக்குள்ள சிலிக்கன் துணிக்கை பதிச்ச லோகாசில். பிஸ்டன் பக்கவாட்டில ஒரு மெல்லிய பூச்சு இருக்கு. அது உரிஞ்சால் அலுமினியம் அலுமினியத்தில உரசும். எஞ்சின் சூடாக முதல் மிதிக்கிறது, பெரிய கியரில குறைஞ்ச ஆர்பிஎம்மில இழுக்கிறது, ஆயில் மாத்தாமல் விடுறது எல்லாம் இதைக் கெதியாக் கொண்டுவரும். முதல் மாட்டுறது பெரும்பாலும் ரெண்டாவது பாங்க், 4 தொடக்கம் 6 வரையான சிலிண்டர், அதிலயும் 6.

இப்ப கேட்ட ஆளுக்கு முக்கியமான விஷயம்: 3.4 எஞ்சினில இது குறைவு, 3.6-இல கூட. டிப்ட்ரானிக்கில இன்னும் கூட எண்டுதான் எஞ்சின் பிரிக்கிற ஆக்கள் சொல்லினம். அந்த கியர் எப்பவும் ஆர்பிஎம்மைக் கீழேயே வைச்சிருக்கப் பாக்கும். ஆக, ஆறாயிரம் கூடக் குடுத்து அபாயம் கூடின எஞ்சினை வாங்கப்போறீங்கள்.

சாவி_இடப்பக்கம்

அதற்காக 3.4-ஐத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். அதில் சிலிண்டர் சுவரின் கீழ்ப்பகுதி அரைவட்டமாக வெடித்து விழும் குறை உண்டு. அபூர்வம், ஆனால் வந்தால் அதுவும் எஞ்சின் பிரிக்கிற வேலைதான். ஐந்து செயின் எஞ்சின் என்பதால் செயின் உரசும் பிளாஸ்டிக் பட்டைகளும் 1,50,000 கி.மீ. சுற்றி மாற்ற வேண்டியிருக்கும். 2002 மாடல் முதல் வந்த 3.6-இல் மூன்று செயின்தான். 2002 வண்டியில் டேஷ்போர்டில் கையுறைப் பெட்டியும் கொடுத்தார்கள். அதுவரை 911 வாங்கியவன் பேப்பரை எங்கே வைப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை போல.

நெக்கர்_கரை

அப்படியானால் நேரில் பார்க்கும் அன்று என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொன்னால் உதவி.

கிராங்க்_ராஜா

முதலில் ஃபோன். "எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம், நான் வந்து ஸ்டார்ட் பண்ணுகிறேன்" என்று சொல்லுங்கள். போனதும் கையை எஞ்சின் மூடியில் வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் அன்றைய பரிசோதனையில் பாதி போச்சு.

குளிர் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி செயின் சத்தம் வந்து நின்றால் பரவாயில்லை, டென்ஷனர் ஆயில் வடிந்திருக்கும். கொஞ்சம் நீலப் புகை வந்தாலும் பயப்பட வேண்டாம். சிலிண்டர் படுத்திருக்கும் எஞ்சின், ஆயில் ஓரமாகத் தேங்கும். ஆனால் வெள்ளைப் புகை மேகம் போல வந்து நிற்காமல் போனால் ஆயில் செபரேட்டர் (எஞ்சின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பாகம்) கிழிந்திருக்கிறது. ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கப் பாருங்கள். இறுகப் பிடித்து இழுத்து, எஞ்சின் தடுமாறினால் அதே நோய்தான். பொருள் விலை பெரிதல்ல, எட்டாத இடத்தில் இருப்பதால் கூலிதான் கூடும்.

சூடான பிறகு இரண்டாவது பாங்க் பக்கம் குனிந்து காது கொடுங்கள். ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறும் டக் டக் சத்தம், கூடவே ஒரு பக்கச் சைலன்சர் குழாயில் மட்டும் ஈரக் கரி. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எண்டோஸ்கோப் (மெல்லிய குழாய் கேமரா) போடாமல் ஒரு யூரோகூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிளக் துளை வழியாகப் பார்த்தால் போதாது. கீறல் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் ஒளிந்திருக்கும். ஆயில் சம்ப்பை (எஞ்சினின் அடித்தட்டு) கழற்றி, பிஸ்டனை மேலே ஏற்றி, கீழிருந்து பார்க்க வேண்டும்.

ஆயில் பிரஷர் கேஜ் இந்த வண்டியில் உண்டு. நன்றாகச் சூடேறியபின் ஐட்லிங்கில் ஒன்றரை முதல் இரண்டு பார், 5,000 ஆர்பிஎம்மில் நான்கை ஒட்டி நிற்க வேண்டும். கூலன்ட் முள் 80-ஐத் தாண்டி ஊர்ந்தால் வாட்டர் பம்ப்பையும் முன் ரேடியேட்டர்களையும் சந்தேகப்படுங்கள். பம்ப்பின் பிளாஸ்டிக் விசிறி உடைந்தால் துண்டுகள் கூலன்ட் வழிகளில் போய் அடைக்கும். முன் பம்பர் துளைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்த இலை மெத்தை மாதிரி அடைந்து கிடக்கும். அதன் ஈரத்தில் ஏசி கண்டென்சர் அரித்துப்போகும்.

முன்பக்க மூடியைத் திறந்து பேட்டரி பக்கத்து வடிகால் துளைகளையும் பாருங்கள். கேப்ரியோலே (மடக்குக் கூரை வண்டி) என்றால் கூரை வடிகால் அடைத்து, இடது சீட்டுக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டியில் தண்ணீர் போயிருக்கும். கார்பெட்டை அழுத்தினால் தெரிந்துவிடும்.

போல்ட்_நட்டு

அடியில்: கியர்பாக்ஸுக்கு மேலே போகும் பிரேக் குழாய்கள் துரு பிடிக்கும், கைக்கு எட்டாத இடம் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட்டுகள் துருவில் தின்னப்பட்டிருந்தால் கழற்றும்போது உடையும். சவப்பெட்டி வடிவ சஸ்பென்ஷன் ஆர்ம்களின் புஷ் தேய்ந்தால் வேகத்தடையில் கிரீச்சிடும். டயரில் போர்ஷே ஒப்புதலைக் காட்டும் 'N' எழுத்து முத்திரையும் நான்கு இலக்க வார-வருட எண்ணும் பாருங்கள். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறொன்று என்றால் ஓனர் எங்கே மிச்சம் பிடித்தார் என்று புரியும்.

பழைய_காகிதம்

கண்ணால் பார்ப்பது ஒருபுறம். இந்த வண்டி கம்ப்யூட்டரில் சாட்சி வைத்திருக்கும். போர்ஷேக்கான கருவியை மாட்டி எஞ்சின் கன்ட்ரோலரைப் படியுங்கள். இரண்டு கணக்கு வேண்டும்.

முதலாவது, ஓவர்-ரெவ் பதிவு, அதாவது எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றிய கணக்கு. முதல் வரம்பு என்பது லிமிட்டரை (ஆர்பிஎம் கட்டுப்படுத்தி) தொட்டது, அதற்குப் பயமில்லை. இரண்டாவது வரம்பு லிமிட்டருக்கும் மேலே. ஆக்ஸிலரேட்டரால் அங்கே போக முடியாது. ஐந்தாவதுக்குப் பதில் மூன்றாவதில் கியரைத் தள்ளினால்தான் போகும். எண் பயமுறுத்துவதாக இருக்கும், ஏனென்றால் எண்ணுவது பற்றவைப்புகளை. ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று. 7,900 ஆர்பிஎம்மில் நொடிக்கு 395. ஆகவே 100 என்று காட்டினால் அது கால் நொடி. அது நடந்து எத்தனை மணி நேர ஓட்டம் ஆயிற்று என்பதையும் பாருங்கள். 1,500 மணி நேரத்துக்கு முன் நடந்து இன்னும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் விட்டுவிடலாம். கடந்த 20 மணி நேரத்துக்குள் என்றால் வேறு வண்டி பாருங்கள்.

இரண்டாவது, எஞ்சின் ஓடிய மொத்த மணி நேரம். ஓடோமீட்டரை அதனால் வகுங்கள். ஜெர்மனியில் கலந்து ஓடும் வண்டிக்கு மணிக்கு 45-60 கி.மீ. வரும். உங்கள் இரண்டாவது வண்டி 71,000 கி.மீ. 3,000 மணி நேரம் காட்டினால் சராசரி 24 கூட வராது. ஒன்று நகர நெரிசலிலேயே செத்த எஞ்சின், இல்லை மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள்.

காகிதத்தில், சர்வீஸ் புத்தகத்திலும் முன் மூடியின் அடியிலும் ஒட்டியிருக்கும் ஆப்ஷன் ஸ்டிக்கரை ஒப்பிடுங்கள். எம் 030 ஸ்போர்ட் சஸ்பென்ஷன், எம் 220 லிமிட்டட் ஸ்லிப் (பின் சக்கரம் ஒன்று மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்). இவை ஃபேக்டரியில் வந்தவையா, பிறகு மாட்டியவையா என்று அதில் தெரியும். எஞ்சின் எண் அடியில் சம்ப் பக்கத்தில். அதில் ஏடி (AT) என்று சேர்ந்திருந்தால் போர்ஷே கொடுத்த மாற்று எஞ்சின். பில் இருந்தால் சாதா கரேராவில் அது குறை இல்லை, என்னைக் கேட்டால் வரம்.

ஏலக்_கூடம்

எல்லாரும் மெக்கானிக் மாதிரியே பேசுகிறீர்கள். முதலீடாகப் பாருங்கள். குறைந்த கி.மீ., ஒரே ஓனர். ஏலத்தில் எப்போதும் அதுதான் மேலே போகும். முந்தைய தலைமுறை 993 விலை எங்கே போயிற்று பார்த்தீர்களா? அடுத்தது 996தான்.

பழைய_காகிதம்

993 ஏறிய காரணம் வேறு. காற்றில் குளிரும் கடைசி 911, கட்டியது 68,000 சொச்சம். 996 ஏறக்குறைய 1,75,000. போதாக்குறைக்கு முன்பாதியை போர்ஷேயின் மலிவு வண்டியான பாக்ஸ்டரோடு பங்கு போட்டுக்கொண்ட வண்டி. ஜெர்மன்காரர்களே அதன் முகப்பு விளக்கைப் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். சாதா கரேராவின் விலை கீழே விழாமல் நிற்கலாம், மெதுவாக ஏறலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஒரு எஞ்சின் ரிப்பேரில் பத்து வருட ஏற்றம் போய்விடும்.

996-இல் சேகரிப்பு என்று சொன்னால் ஜிடி3, ஜிடி2, டர்போ. மூன்றிலும் போர்ஷே எஞ்சின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழி வந்த எஞ்சின், ஐஎம்எஸ் பிரச்சினையும் லோகாசிலும் அங்கே இல்லை. அதற்கு அடுத்து 2003-இல் வந்த நாற்பதாம் ஆண்டு பதிப்பு: 1,963 வண்டிகள், 345 குதிரைத்திறன், லிமிட்டட் ஸ்லிப், ஜிடி சில்வர் நிறம். எஞ்சின் எம்96தான் என்றாலும் எண்ணிக்கை காப்பாற்றும். அதன்பின் கேபிள் த்ராட்டில் உள்ள முதல் கரேரா 2 கூப்பே, மேனுவல். டிப்ட்ரானிக் கேப்ரியோலே வரிசையின் கடைசியில்.

ஏலக்_கூடம்

சரி, அப்போது டர்போவே வாங்கிவிடலாமே? 420 குதிரைத்திறன், பேரிங் பயம் இல்லை.

ஈஸ்ட்ஹாம்_எட்டு

பேரிங் பயம் இல்லை, தண்ணிக் குழாய்ப் பயம் இருக்கு. மெட்ஸ்கர் எஞ்சினில கூலன்ட் குழாய் முனையளை ஹவுசிங்குக்குள்ள பசை போட்டுத்தான் ஒட்டியிருக்கினம். வருசக்கணக்கா சூடேறி ஆறி அந்தப் பசை விட்டால், ஓட்டோபானில போகேக்க குழாய் கழண்டு கூலன்ட் முழுக்கப் பின் ரயரில ஊத்தும். வண்டி சுழலும். எஞ்சினை இறக்கி வெல்ட் பிடிக்கவேணும், இல்லாட்டி பின் அடிக்கவேணும். திரும்பப் பசை போட்டு ஒட்டினது எண்டு பில்லில இருந்தால் அதைத் திருத்தம் எண்டு எடுக்காதேங்கோ. பின் ஸ்பொய்லர் ஹைட்ரோலிக் கசிவு, ரெண்டாம் கியர் கழண்டு வாறது, இதுகளையும் பாருங்கோ. வாங்கிற விலையைவிட வைச்சிருக்கிற செலவுதான் டர்போவில ஆளை விழுத்தும்.

சாவி_இடப்பக்கம்

இன்னொரு கணக்கு. 1997 இலையுதிர் காலத்தில் பதிவான முதல் 996-களுக்கு 30 வருடம் நிறைவது 2027-இல். அப்போதிலிருந்து எச் நம்பர் பிளேட் (ஜெர்மனியில் பழைய கார்களுக்கானது) வாங்கலாம். அதை வைத்து "சீக்கிரமே ஓல்ட்டைமர்" என்று விலை ஏற்றிச் சொல்கிறார்கள்.

வருட வரியைப் போட்டுப் பாருங்கள். 3,387 சிசி, நூறு சிசி வீதம் 34 அலகு. யூரோ 3 மாசு வகையில் அலகுக்கு 6.75 யூரோ, வருடம் 229.50 யூரோ. யூரோ 2 என்றால் 7.36, வருடம் 250.24. எச் பிளேட் வரி 191.73. மிச்சம் 38-இலிருந்து 59 யூரோ. அதற்கு ஒரு தகுதிச் சான்று ஆய்வு, அதற்கும் பணம். பெட்ரோல் வண்டி, பச்சை மாசு ஸ்டிக்கர் ஏற்கெனவே உண்டு, ஆகவே எச் பிளேட் இல்லாமலே நகர எல்லைத் தடையும் இல்லை. இன்சூரன்ஸில் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். வேறு காலத்து வீல், விளக்கு, ஸ்பொய்லர் மாட்டிய வண்டிக்கு அதுவும் கிடைப்பது சந்தேகம். பழைய பாகங்களை விற்பவர் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். ஒரிஜினல் முகப்பு விளக்கு ஜோடி பெட்டியில் இருந்தால் நல்லது.

போல்ட்_நட்டு

ஒரிஜினல் பெயின்டும் விலைதான். தடிமன் மீட்டரை ஒவ்வொரு பேனலிலும் ஐந்து இடத்தில் வையுங்கள். 100-150 மைக்ரான் என்றால் ஃபேக்டரி. முன் பம்பரும் முன் மூடியும் கல்லடிக்குத் திரும்ப அடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பின் ஃபெண்டரில் 300 தாண்டினால் ஏன் என்று கேளுங்கள்.

நெக்கர்_கரை

முதல் வண்டியின் பில்களைப் பார்த்தேன். சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து எக்ஸ். 1,18,000-இல் கிளட்ச், பின்பக்க சீல், ஐஎம்எஸ் மாற்றியிருக்கிறார்கள். எந்தப் பேரிங் என்று எழுதவில்லை. ஆயில் வருடத்துக்கு ஒருமுறை. ஆயில் செபரேட்டர், வாட்டர் பம்ப் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆள் ஃபோனில் "கம்ப்யூட்டரெல்லாம் மாட்ட விடமாட்டேன்" என்றார்.

கிராங்க்_ராஜா

இரண்டாவதை அழித்துவிடுங்கள்.

முதல் வண்டிக்கு அந்த கராஜுக்கு நேரடியாக ஃபோன் போட்டு என்ன பேரிங், எந்த கம்பெனி என்று பார்ட் நம்பர் கேளுங்கள். செராமிக் குண்டு பேரிங் என்றால் அதற்கும் மறுபடி மாற்றும் தவணை உண்டு. ஆயிலால் ஊட்டப்படும் ப்ளெயின் பேரிங் என்றால் அதற்குத் தனி ஆயில் குழாய் ஃபில்டர் பக்கத்திலிருந்து வரும், லிஃப்டில் ஏற்றினால் தெரியும். பதில் கிடைக்காவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கில் வைத்து விலையைக் குறையுங்கள். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், செபரேட்டர் மூன்றும் இந்த வருடமே செய்ய வேண்டிய செலவு, அதையும் கழியுங்கள்.

நெக்கர்_கரை

ஃபில்டர் அறுத்துப் பார்க்க ஓனர் சம்மதிப்பாரா?

போல்ட்_நட்டு

ஆயில் செலவும் கூலியும் உங்களுடையது என்று சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும், 5டபிள்யூ-40. ட்ரெயின் போல்ட் 50 நியூட்டன் மீட்டர், ஃபில்டர் கிண்ணம் 25, புது ஓ-ரிங். பேப்பர் மடிப்புகளைக் கத்தியால் வெட்டி வெள்ளைத் துணியில் விரித்து, காந்தத்தைத் துணிக்கு அடியில் நகர்த்துங்கள். காந்தத்தோடு நகர்வது பேரிங் இரும்பு. நகராத வெள்ளிப் பொடி அலுமினியம். பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு செயின் பட்டை, 1,62,000-இல் அது இரண்டு மூன்று இருந்தால் விலை பேசலாம். கிண்ணத்தின் அடியில் தேங்கும் கடைசி இரண்டு கரண்டி ஆயிலைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், துகள் முதலில் அதில்தான் இருக்கும்.